சூடு ஆறாத காலுறை

பூனை இடம் மாறிப் படுத்திருந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கொடைக்கானல் நாயுடுபுரத்து மார்கழிக் குளிரில் எந்தப் பூனையும் அடுப்படியை விட்டு நகராது. ஷம்ஷாத் வீட்டுப் பூனையோ ஆறு வருஷமாக அடுப்புக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்துகிறது. அது அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் நடுவறை அலமாரித் தட்டில், மடித்து வைத்த கம்பளித் துணிகளின் மேல் சுருண்டு கிடந்தது. ஷம்ஷாத் கையை விட்டுப் பார்த்தாள். பூனைக்குக் கீழே வெதுவெதுவென்று இருந்தது. பூனைச் சூடுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாலு மடிப்புக்குக் கீழே வரைக்கும் பூனைச் சூடு இறங்குமா என்று மனசு கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாலாவது மடிப்புக்குக் கீழே இருந்தது போன். மகன் பாசித் துபாயிலிருந்து முதன்முதலில் வாங்கி அனுப்பியது. வீட்டு முகப்பில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற ஷம்ஷாத், அது வந்த நாளிலிருந்து வருகிறவர்களுக்குச் சாக்லேட்டைக் காட்டுவதற்கு முன் போனைத்தான் காட்டினாள். தெருவில் அதைக் கையில் வாங்கிப் பார்க்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

அதைத்தான் கம்பெனிக்காரன் திருப்பிக் கேட்டான். பேட்டரி தீப்பிடிக்கிறதாம், அணைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடு, வேறு தருகிறேன் என்றான். சொன்னதோடு விட்டானா? தினம் நாலு மணியானால் அந்தப் போனே மூன்று முறை மணியடித்து, ஒரு பெண் குரலில், பள்ளிக்கூடத் தமிழில் அதை ஒப்பிக்கும். ஷம்ஷாத் அசையவில்லை. ஊருக்கெல்லாம் சூடு ஆகாது என்றால் கொடைக்கானலில் சூடாகக் கூடாதா என்பது அவள் கட்சி. வெள்ளனே எழுந்ததும் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குளிர்காய்வாள். கூரியர் சேனாதிபதி தடித்த பெட்டியும் தீக்குத் தாங்கும் கையுறையும் கொண்டுவந்து கொடுத்தபோது, பெட்டியில் மலைப்பூண்டைக் கொட்டி வைத்தாள். கையுறை அடுப்படிக்குப் போயிற்று, வறுத்த உப்புச் சட்டியை இறக்க.

உப்பு எதற்கென்றால், மகள் ஜஹீரா பிரசவம் முடிந்து கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து முப்பத்திரண்டு நாள். சாயங்காலம் பனி இறங்கினால் அதன் கால் இரண்டும் ஐஸாகிவிடும். கல்லுப்பை வறுத்து, சிவப்புக் கோடு போட்ட சாம்பல் நிறக் காலுறையில் கட்டி, தூளியில் பிள்ளையின் காலடியில் வைப்பாள் ஷம்ஷாத். விடியும்வரை வெதுவெதுப்பு நிற்கும்.

ஜஹீரா வந்த நாளே நாலு மணிக்கு அந்தக் குரலைக் கேட்டாள். அதிகம் பேசுகிற பெண் அல்ல.

"அம்மா, ஒண்ணு இந்த வீட்ல அந்தப் போன் இருக்கணும், இல்ல நானும் புள்ளையும் இருக்கணும். எதுன்னு நீயே சொல்லிரு."

ஷம்ஷாத் சொல்லிவிட்டாள். மறுநாள் மகள் கண்ணெதிரிலேயே பெட்டியை ஒட்டி, சேனாதிபதி கையில் கொடுத்தாள். அவன் அதை எட்டப் பிடித்துக்கொண்டு போனான். உள்ளே இருந்தது ஒரு கட்டிக் குளியல் சோப்பு. தீப்பிடிக்கிற போன் என்று அவன் பயந்து பயந்து மலையிறக்கிய பெட்டியில் வத்தலக்குண்டு வரைக்கும் பூண்டு வாசம் அடித்ததாகக் கேள்வி.

போனை அவள் உப்புக் காலுறையின் சோடியில் நுழைத்து, வாயை முடிச்சுப் போட்டுக் கம்பளிகளுக்குள் வைத்தாள். ஒற்றைக் காலுறையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அணைத்துத்தான் வைத்திருந்தாள். பூனை இடம் மாறிய அன்றைக்குக் காலையில் மட்டும்தான், ஜஹீரா பிள்ளையைக் குளிப்பாட்டப் போன நேரத்தில் எடுத்துச் சார்ஜில் போட்டு, பாசித் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு திறந்த சத்தம். பிடுங்கினாள், காலுறையில் திணித்தாள், அமுக்கி வைத்தாள். முன்னைவிட இறுக்கமாகத்தான் இறங்கியது. போன் நடுவில் கொஞ்சம் புடைத்த மாதிரி இருந்தது. அணைத்தோமா என்ற நினைப்பு வந்தது. அணைத்திருப்போம் என்று விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்குக் கரண்டு போயிற்று. அதற்காகவே காத்திருந்த மாதிரி பனி இறங்கியது. முதலில் எதிர் வீட்டுத் தகரக் கூரையைத் தின்றது, அப்புறம் தெருவை, அப்புறம் வாசற்படியை, கடைசியில் கடைக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு வெள்ளையாக நின்றது. கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக வாளியில் விழுகிற சத்தம் தவிர நாயுடுபுரமே ஊமையாகிவிட்டது. ஊர் சுற்றிப் பார்க்க வந்து வட்டக்கானலில் தங்கியிருந்த நாலு பேர் எங்கிருந்தோ முளைத்து வந்து தைலமா சாக்லேட்டா என்று முடிவுக்கு வர அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பிச்சை முகம்மது காய் எடுக்கக் கன்னிவாடிக்கு இறங்கியிருந்தார், எல்லாம் இவள் தலையில்.

அவர்கள் போனதும்தான் மூக்கில் ஏறியது. தைலம் இல்லை. பூண்டும் இல்லை. இனிப்பாக, நகப் பாலிஷைத் திறந்து வைத்த மாதிரி ஒரு வாசம், அடியில் ஏதோ பிளாஸ்டிக் நெடி. ஷம்ஷாத் கடை பாட்டில்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எல்லாம் மூடித்தான் இருந்தன. வாசம் உள்ளிருந்து வந்தது.

நடுவறைக்கு வந்தாள். பூனை அலமாரியில் இல்லை. பின்கதவடியில் உட்கார்ந்து, அந்தப் பனிக்குள் தன்னை விடச் சொல்லிக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

ஷம்ஷாத் தட்டில் கையை விட்டாள். முதல் மடிப்பு. இரண்டாவது. நாலாவது மடிப்புக்குக் கீழே பலகைதான் தட்டுப்பட்டது.

காலுறை இல்லை.

மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான் முதலில் தோன்றியது. அவளுக்கு வந்த பயமெல்லாம் அப்போதைக்கு மகளின் வாய்க்குத்தான். சோப்புக் கதையைக் கேட்டால் சிரிப்பாளா, பெட்டியைக் கட்டுவாளா? எதற்கும் முந்திக்கொண்டு உப்பு வறுத்துக் கொடுத்துச் சமாதானம் ஆக்கலாம் என்று அடுப்படிக்குப் போனாள்.

சட்டி காலி. உப்பு டப்பா மூடியிருந்தது. ஆணியில் தொங்கியது சிவப்புக் கோடு போட்ட காலுறை.

தொட்டாள். சில்லென்று, தட்டையாக, காலியாக இருந்தது.

கொல்லைப்புறத்தில் ஜஹீரா துணி அலசுகிற சத்தம்.

"ஜஹீரா." கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "காலுறை எங்கடீ?"

"எந்தக் காலுறைம்மா?"

"அலமாரியில கெடந்துச்சே."

"அதுவா. புள்ளைக்குக் கம்பளி எடுக்கப் போனேனா, அடியில கெடந்துச்சு. நீ முன்னாடியே வறுத்துக் கட்டி வச்சிட்டியேன்னு எடுத்துக்கிட்டேன். உப்பு கட்டி தட்டியிருந்தாலும் நல்ல சூடும்மா, ஆறவே இல்ல. புள்ள காலடியில வச்சேன். இன்னைக்கு அழவே இல்ல பாரு."

கொல்லையில் மறுபடி தண்ணீர் அலசுகிற சத்தம்.

பக்கத்து அறை. இருட்டு. பனி ஜன்னலில் வெள்ளையாக.

ஆணியிலிருந்து கையுறையை எடுத்தாள். ஒன்றுதான் கையில் ஏறியது. மற்றது விழுந்தது. குனியவில்லை.

நாலே எட்டில் அந்த அறைக்குள் இருந்தாள்.

உத்தரத்திலிருந்து தொங்கியது தூளி. அவளுடைய பழைய நூல் புடவைதான், துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போனது. ஆடவில்லை. வாசம் இங்கேதான். தொண்டையைக் கவ்வுகிற இனிப்பு.

உள்ளே எதுவோ உஸ்ஸென்றது. பிள்ளையின் மூச்சாக இருக்கும். இருக்கும்.

அப்போது நாலு மணி ஆயிற்று.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. தூளிக்குள்ளிருந்து, அலுங்காமல் குலுங்காமல், அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, இந்தக் கருவியை உடலுக்கு அருகில் வைக்க வேண்டாம்."

புடவையின் அடிப்பக்கத்தில், இரண்டு சின்னக் குதிகால்கள் பதிந்து தெரிகிற இடத்துக்குக் கீழே, துணி உள்ளேயிருந்து சிவந்துகொண்டு வந்தது.