நுர்மியா அறுத்த பவளம்

பிள்ளை பெற்ற நாற்பத்தைந்தாம் நாள் காலையில் நுர்மியா மறுபடி கொட்டகை வேலைக்கு வந்தாள். இரண்டு தூண்களுக்கு நடுவே கைலியால் தூளி கட்டி, மகள் சல்வாவைக் கிடத்திவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய மூக்குக்குத்தான் அங்கே கூலி.

கடலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் உயிர்ப்பவளங்களை அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். நல்லதென்றால் கடல் மணக்கும். சாகப்போவது நாறும். எங்கோ குளிர்நாட்டில், கடலைப் பார்த்தே இராதவர்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பதற்காக இத்தனை பாடு. அந்த மகராசர்கள் ஒரு நிமிடம் இந்தக் கொட்டகையில் நின்றால் தின்ற சோறு வெளியே வந்துவிடும். முப்பது தொட்டி. அழுகிய பவளங்களிலிருந்து வழியும் பழுப்புச் சளி. வாளியில் அரைத்து வைத்த இறால். எல்லாவற்றுக்கும் மேல் முதலாளி விர்யோவின் கிராம்புச் சிகரெட் புகை.

அவள் கணவன் ஹாசெங்கின் படகு அன்று சீக்கிரமே கரைக்கு வந்தது. காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்கிப் பவளம் எடுப்பவன் அவன். கடலடியில் இப்போது எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சிவப்புச் சதைப்பவளம் கொண்டுவராவிட்டால் காற்று இயந்திரத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஹாசெங் கொண்டுவந்துவிட்டான். வாளியை வைத்துவிட்டு, பெண்டாட்டியின் முகத்தைப் பாராமல் ஒதுங்கி நின்றான்.

"எடுத்து மோந்து பாரு," என்றார் முதலாளி. "ஒன்றரை மாசம் வீட்டுல படுத்துத் தின்னதுல மூக்கு துருப்பிடிச்சுப் போச்சான்னு பாப்போம்."

ஒரு கை அகலம் இருந்தது. ஈரச் சிவப்பு. மடிப்பு மடிப்பாக, தொட்டால் பின்வாங்கும் கொழுத்த சதை. நடுவே இரண்டு வாய்கள்.

நுர்மியா அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

கடல் மணக்கவில்லை. அழுகலும் நாறவில்லை.

பிள்ளை பெற்ற பாயின் வாடை அடித்தது.

அதைப் பொத்தென்று தொட்டியில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். காலையில் தின்ற மரவள்ளிக் கிழங்கு முழுவதும் வந்துவிட்டது.

"என்னம்மா, அடுத்ததுக்கு அடி போட்டாச்சா?" முதலாளி சிரித்தார். "ஏய்யா ஹாசெங், கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

ஹாசெங் காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டு படகுக்குப் போனான்.

அது தொட்டியில் ஒரே நாளில் ஊறிப் பெருத்தது. மற்றப் பவளங்கள் பகலில் சுருங்கிக் கிடக்க, இது மட்டும் நட்டநடு மத்தியானத்தில் விரிந்தது. நுர்மியா எந்தப் பக்கம் நடந்தாலும் சதை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. இறால் விழுதை அவள் குழாயால் விடுவதற்கு முன்பே இரண்டு வாயும் திறந்துகொண்டன. ஊட்டி முடித்தால் உதட்டைப் போல ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும்.

சல்வா அந்த இரண்டு நாளும் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு என்னவோ நிறைந்துதான் இருந்தது. குழந்தையின் ஏப்பத்தில் இறால் கவிச்சி அடித்தபோது, தன் கையில் ஒட்டியதாக இருக்கும் என்று நினைத்து நுர்மியா சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள்.

மூன்றாம் நாள் முதலாளி மின்ரம்பத்தை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"அந்தச் சிவப்பை ரெண்டாப் போடு. ரெண்டு பேரு கேக்கிறாங்க, ஆளுக்கு ஒரு வாய். ஒண்ணு இன்னைக்கு வண்டியிலயே போகணும்."

"இது வேணாமே முதலாளி. வாடை சரியில்ல."

"செத்துடுமா?"

"சாகாது."

"அப்புறம் என்ன? அறு."

பவளத்தை அறுத்துப் பங்கு வைப்பதும் அவள் வேலைதான். வாய்க்கொரு துண்டாக அறுத்து நீரில் விட்டால் ஒவ்வொரு துண்டும் தனியாகப் பிழைத்துக்கொள்ளும். ஆயிரம் முறை அறுத்த கை. தலைப்பால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு ரம்பத்தை ஓடவிட்டாள்.

சதையில் பல் பட்டது.

தூளியிலிருந்து ஒரே ஒரு அலறல்.

ரம்பம் கல்லுக்குள் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினால் பவளம் சிதறிவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். வெட்டுவாயிலிருந்து கோழை கோழையாகக் கொட்டியது. பிறகு வெள்ளை நூல்கள் வந்தன. அதன் குடல்தான் அது. நெளிந்து நெளிந்து வெளியே வந்து, அவள் விரலைத் தேடிச் சுற்றிக்கொண்டது.

ரம்பம் நின்றது.

அலறலும் நின்றிருந்தது.

வலப்பக்கத் துண்டை முதலாளியே அள்ளிப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றடைத்துத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து ஒட்டி, விமானத்துக்குப் புறப்படத் தயாராக நின்ற வண்டியில் ஏற்றிவிட்டார். விரல்களில் ஒட்டிய நூல்களை அருவருப்போடு வழித்துப்போட்டுவிட்டு, மீதித் துண்டைக் கழுவ எடுத்தபோதுதான் நுர்மியா அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

அடியில் இருந்தது கல் இல்லை. கொட்டாங்கச்சி. அதன் விளிம்பில் ஒரு நீலக்கட்டம் போட்ட துணிக்கிழிசல், முடிச்சோடு.

அவள் கைலியிலிருந்து கிழித்த துணி. அவள் போட்ட முடிச்சு.

தூளிக்கு ஓடினாள். சல்வா கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். மூச்சு இருந்தது. உடம்பு சில்லிட்டு, வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் விரல்கள் சுருங்கியிருந்தன.

கடல்மேலேயே வாழும் அவர்களைப் போன்ற பாஜோ ஜனங்களுக்கு நஞ்சுக்கொடி என்பது குப்பை இல்லை. குழந்தையோடு கூடப் பிறந்த மூத்தது அது. கொட்டாங்கச்சியில் வைத்துக் கட்டி, கடல்மேல் கால்நட்டு நிற்கும் வீட்டின் அடியிலேயே இறக்கிவிடுவார்கள். கீழே அது நன்றாக இருந்தால்தான் மேலே இது நன்றாக இருக்கும். சல்வாவின் கொட்டாங்கச்சியை நுர்மியா பாயில் படுத்தபடியே கட்டிக் கொடுத்தாள். படியிறங்கிப்போய்க் கடலில் விட்டவன் ஹாசெங்.

"சல்வா அப்பா, இதை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

படகடியில் நின்ற ஹாசெங் காலி வாளியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தான்.

"கேக்கிறேன்ல."

"நம்ம வீட்டுக்கு அடியில."

"அங்க யாராவது முங்குவாங்களா?"

"வேற எங்கயும் ஒண்ணுமில்லடி." அவன் வாளியைக் கீழே வைத்தான். "கொட்டாங்கச்சியப் பாத்தேன். செத்துப்போன யாரோ பெரியவங்களோடதா இருக்கும்னு நெனச்சேன். இவ்ளோ பெருசு. நாப்பது நாள்ல வளருமா இது?"

நுர்மியா அவனை அறையவில்லை. அறைவதற்குக் கை வரவில்லை. கை முழுக்க அந்தக் கோழை இருந்தது.

முதலாளியின் போனை வாங்கி வண்டிக்காரனைக் கூப்பிட்டாள். பெட்டி விமானத்தில் ஏறிவிட்டது என்றான். எந்த ஊருக்கு என்று கேட்டாள். தலைநகரத்துத் தரகர் பிரித்து நாலு நாட்டுக்கு அனுப்புவார், அங்கே கடைக்காரர் வாங்கி வேறு யாருக்கோ விற்பார், யார் கண்டது என்றான்.

முதலாளி போட்ட கூச்சலைக் கேட்காமல் மீதித் துண்டை வாளி நீரில் வைத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இருவரும் படகில் வீட்டுக்குப் போனார்கள். ஹாசெங் முங்கி அதைப் பழைய இடத்திலேயே வைத்தான். அவன் மேலே வருவதற்குள் சல்வாவின் இடக்கைக்குச் சூடு வந்தது. இடக்கண் இமைத்தது.

வலப்பக்கம் ஈரமாகவே இருந்தது. துடைக்கத் துடைக்க ஈரம்.

அதன்பிறகு சல்வா தாய்ப்பால் குடிக்கவே இல்லை. முதல் வாரம் துரும்பாக இளைத்தாள். மருத்துவமனையில் குழாய் வழியாக விட்ட பாலும் அப்படியே திரும்பி வந்தது. பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு, யாரும் எதையும் ஊட்டாதபோது, வாயை அகலத் திறந்தாள். சற்றுப் பொறுத்து விழுங்கினாள். மறுபடி திறந்தாள். விழுங்கினாள்.

நுர்மியா குனிந்து குழந்தையின் வாயை முகர்ந்தாள். பாலும் இல்லை, கொட்டகை இறாலும் இல்லை. அவள் மூக்கு இதுவரை அறியாத, குளிர்ந்த, மருந்து கலந்த மீன்வாடை. ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான், முகம் தெரியாதவன், எங்கோ இருந்துகொண்டு அவள் பிள்ளைக்கு ஊட்டுகிறான்.

தினமும் பத்து மணிக்கு. ஒருநாளும் தவறவில்லை. சல்வாவின் கன்னம் உப்பியது, தொடை மடிப்பு விழுந்தது. அண்டை அயலார் கண் வைக்குமளவுக்குத் தேறினாள். நுர்மியா ஒவ்வொரு தொழுகையிலும் அந்த ஆளின் ஆயுளுக்காக வேண்டிக்கொண்டாள். வயிறு குமட்டிக்கொண்டே வேண்டிக்கொண்டாள்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சல்வா வாயைத் திறந்தாள்.

விழுங்கவில்லை.

நுர்மியா காத்திருந்தாள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. மார்பை வைத்துப் பார்த்தாள். பால் கடைவாய் வழியாக ஒழுகிப் போயிற்று. தாடையைப் பிடித்து மூடப் பார்த்தாள். மூடவில்லை.

"பசிக்குது போல," என்றான் ஹாசெங், வாசலில் நின்றபடி.

இன்று வெள்ளிக்கிழமை. அந்த வாய் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.