மார்னியின் ஜாமீன்தாரன்

சாட்ஸ்வொர்த் ஊர் மலைச்சரிவில் ஒரு வீட்டு வாசலில் ரொசால்பா வண்டியை நிறுத்தியபோது உச்சி வெயில். காய்ந்த புல்லில் ஒரு பூச்சிகூடச் சத்தமிடவில்லை.

"இறங்கு தம்பி. பொண்டாட்டியைத் தேடி வந்த மூஞ்சியா இது? பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி இருக்க."

டேரல் இறங்கினான். சில மாதங்களாகவே அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை.

அவன் மனைவி மார்னி நீலப்படங்களில் நடித்தவள். போதை மாத்திரை வழக்கில் ஜாமீனில் வந்தவள், விசாரணை நாளில் கோர்ட்டுக்குப் போகாமல் மறைந்துவிட்டாள். ஜாமீனுக்கு டேரல் தன் அப்பா விட்டுப்போன வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்திருந்தான். நாளைக் காலை அவள் நீதிபதி முன் நிற்காவிட்டால் வீடு போய்விடும். ஓடியவர்களைப் பிடித்து வருவது ரொசால்பாவின் தொழில்.

மார்னி கடைசியாக நடித்தது இந்த வாடகை வீட்டில்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ஒரு பெண் பேசுவதாகப் பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

பூட்டை உடைத்து நுழைந்தார்கள். உள்ளே நள்ளிரவு போல் இருட்டு. படப்பிடிப்புக்காக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தவர்கள் திரும்பப் பிரிக்கவில்லை. தூசி, பழைய எண்ணெய், கருகிய விளக்கின் வாடை. அதற்கடியில் ஏதோ ஈர வாடை.

மாடியில் ஒரு பெண் குரல்.

"மார்னி டிலேனி."

சிறிது நேரம் அமைதி.

"ஆமா. என் விருப்பத்தோடதான் வந்தேன்."

ரொசால்பா கைவிலங்கை உருவினாள். "உன் வீடு பிழைச்சுது. சத்தம் போடாம வா," என்று கிசுகிசுத்தாள்.

டேரலுக்கு அந்த அமைதி எதற்கென்று தெரியும். எந்தப் படமானாலும் முடிந்ததும் நடித்தவளைக் கேமரா முன் உட்காரவைத்துப் பெயரையும், விருப்பத்தோடு வந்தாளா என்பதையும் கேட்பார்கள். கேட்பவன் போகச் சொல்லும்வரை அவள் எழக்கூடாது. ஒரு காலத்தில் அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் அவன் வேலை. அப்படித்தான் மார்னியைச் சந்தித்தான்.

மேலே யாரோ கேள்வி கேட்கிறார்கள்.

அல்லது, யாரும் கேட்கவில்லை.

ரொசால்பா மாடி ஏறி அறைக் கதவைத் தள்ளி டார்ச் அடித்தாள். அறை நடுவில் ஒரு மர நாற்காலி. அதில் ஆள் இல்லை.

"மார்னி டிலேனி," என்றது காலி நாற்காலியிலிருந்து அதே குரல்.

ரொசால்பா பின்வாங்கினாள். "வா, போயிடலாம். இதைப் பிடிக்க என்கிட்ட விலங்கு இல்ல."

டேரல் நகரவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பழைய வேலைக் குரலில் கேட்டான்.

"உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

'இல்லை' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில்.



"ஆமா."

"யாருன்னு கேளு!" ரொசால்பா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கு ரத்தம் ஓடுதா இல்லையா? யாருன்னு கேளுடா!"

அவன் வாயைத் திறந்தான். அப்பாவின் வீடு ஞாபகம் வந்தது.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவியா?"

ஈர வாடை அவன் முகத்தருகே வந்தது.

"நீ கேட்டா வர்றேன், டேரல்."

"அவ்வளவுதான். நீ எந்திரிக்கலாம்."

நாற்காலி கிறீச்சிட்டது.

ரொசால்பா வண்டியைத் திருப்பினாள். அவனை இறக்கிவிடும்போது, "யாருன்னு நீ கேட்டிருக்கணும்," என்றாள்.

மறுநாள் கோர்ட்டில் கூட்டம். பெரிய ஜன்னல்களில் வெயில். டேரல் பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"மார்னி டிலேனி," என்று எழுத்தர் அம்மா கூப்பிட்டாள்.

"வந்திருக்கேன்."

எல்லோருக்கும் கேட்டது. எழுத்தர் அம்மா பழக்கத்தில் 'ஆஜர்' என்று கணினியில் தட்டிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

நீதிபதி கூட்டத்தின் மீது கண்ணை ஓட்டினார்.

"உங்களுக்கு ஜாமீன் போட்டது யாரு?"

டேரலின் வலது கை உயர்ந்தது.

அவன் உயர்த்தவில்லை.

மணிக்கட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஐந்து குளிர்ந்த விரல்கள், அதே ஈர வாடை. வீடு தப்பித்தது என்று நினைத்தபடி, அவன் கையைக் கீழே இறக்கப் பார்த்தான்.

பிடி விடவில்லை.