வெள்ளிக்கிழமைக் குரல்

"இன்னிக்கும் லேட்டா?" என்று அருளாளன் கேட்டிருந்தான்.

"வீடு பேசிட்டே இருந்துச்சுங்க. நேரம் போனதே தெரியல."

"வீட்டைச் சோதிக்க ஒரு மணி நேரம் போதாதா, வல்லி?"

"சோதிக்கறதுக்குப் போதும்" என்றாள் செண்பகவல்லி. செருப்பைக் கழற்றும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது அவனுக்கான சிரிப்பு அல்ல. எங்கோ சிரித்துவிட்டு வந்ததன் மிச்சம். அதையும் துடைத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவனுக்கு இன்னும் ஏதோ கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் நடந்த அந்தப் பேச்சைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தபடி, அவன் வழக்கறிஞரைப் பார்க்க, கம்பிவடத்தில் தொங்கி ஓடும் வான்வண்டியில் கோயம்புத்தூரைக் கடந்துகொண்டிருந்தான். கீழே கம்பிவடங்களின் நிழல் கூரைகளின் மேல் ஊர்ந்தது. வெயில் ஏறியதும் எல்லா வீடுகளும் தங்கள் ஜன்னல் இமைகளைத் தாமே சாத்திக்கொண்டன. இந்தக் காலத்தில் எந்த வீடும் வெறும் சுவர் அல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் கேட்கவும் பேசவும் தெரிந்த ஒரு செயற்கை அறிவு, மனைமதி, இருந்தது. குடிவந்த புதிதில் யாராவது ஒருவர் கூடவே இருந்து அதற்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவரைப் 'பழக்கியவர்' என்பார்கள். வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும் வாரம் ஒருமுறை போய் அதன் நடத்தையைச் சரிபார்ப்பது பழக்கியவரின் கடமை.

அவர்களுடைய வடவள்ளி வீட்டைப் பழக்கியவள் வல்லி. கம்பெனி கொடுத்த அடுக்குமாடிக்கு அவர்கள் மாறி ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் போனாள். வரவர அதிக நேரம் தங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த வீட்டின் வாசலுக்கு வெளியே போய் நின்றான். ஜன்னல் வழியாக ஓர் ஆண் குரல் கேட்டது. "நீ சாப்பிட்டியா, வல்லி?" அடுத்து அவள் சிரித்த சிரிப்பு. இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சிரிப்பை அவன் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அங்கேயே நின்று யோசித்தான். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. திரும்பி நடந்துவிட்டான்.

வாடகைக்கு இருந்தவர் சூசைராயன். கடல் கொண்டுபோன கிழக்குக் கரையிலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர். ஒப்பந்தத்தன்று ஒரே ஒரு முறை பார்த்தது. அன்று அவர் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். வாட்டசாட்டமான ஆள் என்பது மட்டும் அருளாளனுக்கு மறக்கவே இல்லை.

வழக்கறிஞர் நூர்ஜஹான் வீட்டுக்காரர்களுக்காகக் குடியகற்றும் வழக்குகளை மட்டுமே எடுப்பவர். அறைக்குள் வந்தவனை உட்காரக்கூட விடாமல் கேட்டார். "என்ன காரணம்?"

"சொந்தத் தேவை மேடம். நாங்களே குடிபோகணும்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. உண்மையான்னு நான் கேக்கப் போறதில்ல. உங்க வீடு கேக்கும். சட்டம் தெரியுமில்ல?"

அரைகுறையாகத் தெரியும். கடலோர மக்கள் லட்சக்கணக்கில் உள்நாட்டுக்கு வந்தபோது, வாடகையை ஏற்றுவதற்காகப் பல வீட்டுக்காரர்கள் 'சொந்தத் தேவை' என்று பொய் சொல்லி அவர்களைத் தெருவில் நிறுத்தினார்கள். நீதிமன்றங்கள் அலுத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தன. வெளியேறச் சொல்பவர் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று தன் தேவையைச் சொல்ல வேண்டும். அவரோடு வாழ்ந்து பழகிய மனைமதி அவர் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் வைத்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். மூன்று வாய்ப்பு. மூன்றும் 'இல்லை' என்றால் வழக்கு அத்தோடு சரி.

"பழக்கியவரும் கூட நிக்கணும்" என்றார் நூர்ஜஹான். "யாரு?"

"என் மனைவி."

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் ஒரே தேவையைச் சொன்னா வீடு சீக்கிரம் ஒத்துக்கும்."

அவன் மேசையின் விளிம்பைத் தடவினான். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"பொய் சொல்லப் பழக்குறதுதான் என் தொழில்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க சார். அந்தப் பொய்யெல்லாம் வீட்டுக்கிட்ட எடுபடாது. உங்க உண்மையான தேவை என்னன்னு கண்டுபிடிச்சு, அதைச் சட்டத்துக்கு ஒத்த மாதிரி சொல்ல வைக்கிறதுதான் என் வேலை. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அது என்னன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றான்.

"சந்தோஷம். ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது வல்லி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"சூசை அண்ணனைக் காலி பண்ணச் சொல்றீங்களா? எதுக்குங்க?"

"நாம அங்க போலாம்னுதான்."

"நாமன்னா? என்னை நீங்க கேக்கவே இல்லையே."

அவள் 'அண்ணன்' என்றதைக்கூட அவன் நம்பவில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததுமே தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் வழக்கைக் கைவிட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூசைராயன் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். தன்னை வெளியேற்ற வந்தவர்களுக்குத் தட்டில் டீ கொண்டுவந்தார். வல்லி கேட்காமலேயே உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தாள். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அருளாளன் அந்த டப்பாவையே பார்த்தான். வெயில் அவள் முகத்தில் விழுந்ததும் ஜன்னல் தானாகப் பாதி சாய்ந்தது. அவன் முகத்தில் விழுந்த வெயிலை அது கண்டுகொள்ளவில்லை.

நூர்ஜஹான் பதிவுக்கருவியை மேசைமேல் வைத்தார். "முதல் முறை. உங்க தேவையைச் சொல்லுங்க."

"நான் இந்த வீட்டில் குடியிருக்க விரும்புகிறேன்."

"இல்லை" என்றது ஒரு குரல்.

அதே குரல். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட அதே ஆண் குரல். சட்டென்று சூசைராயன் பக்கம் திரும்பினான். அவர் வாயை மூடியபடி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"யார் பேசினது?"

"நான்தான். வீடு" என்றது குரல்.

"வெள்ளிக்கிழமை பேசினது நீங்க இல்லையா?" என்று அவன் சூசைராயனைக் கேட்டான். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது.

"வெள்ளிக்கிழமை எனக்குப் பகல் டூட்டிங்க. தண்ணி ஆலையில இருப்பேன்" என்றார் அவர். கரகரத்த, தாழ்ந்த குரல். அந்தக் குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நூர்ஜஹான் புருவத்தை உயர்த்தினார். "என்ன சார், நிஜமாவே தெரியலையா? அது உங்க குரல்தானே."

வல்லிதான் பேசினாள்.

"கல்யாணமாகி இங்க வந்த வாரம் வீட்டுக்குக் குரல் வேணும்னு கேட்டாங்க. கடையில விக்கிற குரல் வேணாம், என் குரலைக் கொடுக்கறேன்னு சொல்லி நாள் முழுக்க உக்காந்து படிச்சுப் பதிவு பண்ணீங்க. தொண்டை கட்டிக்கிச்சு. மறந்துட்டீங்களா?"

"ஆனா அது என்கிட்ட பேசினதே இல்லையே."

"குரல் கொடுத்தவர் வீட்ல இருந்தா அது பேசாது, மணி மட்டும்தான் அடிக்கும்" என்றார் நூர்ஜஹான். "தன் குரலைத் தானே கேக்கறது யாருக்கும் பிடிக்கிறதில்ல. விசாரணைன்னா மட்டும் அது வாய் திறந்தே ஆகணும்."

"வீட்டைப் பாக்க வந்தப்பவே அது பேசக் கேட்டிருந்தேன். ஒப்பந்தத்தன்னிக்கு நீங்க பேசினப்போ, வீடுதான் பேசுதுன்னு நான் சுவரைப் பாத்தேங்க" என்றார் சூசைராயன். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சூசைராயன் மேல் கோபப்படுவது எளிதாக இருந்தது. இப்போது அவன் பொறாமைப்பட வேண்டியது கல்யாணமான புதிதில் இருந்த தன்மேலேயே, அந்த இருபத்தாறு வயசுக்காரன்மேல். அவனுக்கு முடி கொட்டவில்லை. அவன் களைத்துப்போய் வீட்டுக்கு வருவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க அவன் ஒருநாளும் மறப்பதில்லை. எதிரியை வீட்டைவிட்டு அனுப்பலாம். இவனை எங்கே அனுப்புவது?

"இரண்டாவது முறை" என்றார் நூர்ஜஹான்.

"என் மனைவி இங்கே வருவது எனக்குப் பிடிக்கவில்லை."

கொஞ்சம் தயங்கிவிட்டு வீடு சொன்னது. "பாதி."

"பாதின்னு சட்டத்துல இல்ல. இல்லைன்னுதான் பதிவாகும்" என்றார் நூர்ஜஹான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வாபஸ் வாங்கிடலாம் சார். என் ஃபீஸ் போச்சுன்னு நான் அழமாட்டேன்."

"வாங்க வேணாம்" என்றார் சூசைராயன் மெதுவாக. "எங்க ஊர்ல கடல் வீட்டைக் கேட்டுச்சு. காரணமே சொல்லல. நீங்களாவது சொல்லுங்க. போகச் சொன்னா போயிடறேன்."

அருளாளனால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வல்லியைப் பார்த்தான்.

"இது உன்கிட்ட என்னதான் கேக்கும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. முழங்கால் வலி பரவாயில்லையான்னு கேக்கும். என் தம்பி போன் பண்ணினானான்னு கேக்கும். அப்புறம் நான் சொல்றதை எல்லாம் கேட்டுட்டு இருக்கும்." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "உங்க குரல்ல யாராவது கேட்டா நான் சொல்லிடுவேன்னு தோணுதுங்க. அதான் வர்றேன்."

அடுக்குமாடியில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு ராத்திரியும் அவன் நாக்கு நுனி வரை ஒன்று வரும். கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுவான். அவள் பேசாததற்கு அவள்தான் காரணம் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"மூன்றாவது முறை" என்றார் நூர்ஜஹான். "யோசிச்சுச் சொல்லுங்க சார். இதுக்கு மேல கிடையாது."

அவன் சுவரைப் பார்க்கவில்லை. பதிவுக்கருவியையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். அவன் குரல் வீட்டின் குரலைவிட வயதானதாக, கொஞ்சம் உடைந்து வந்தது.

"சூசை அண்ணன் இங்கயே இருக்கட்டும். நீயும் வந்துட்டுப் போ. வராதேன்னு சொல்லல. ஆனா என்கிட்டயும் பேசு, வல்லி."