எல்லாவற்றுக்கும் யெஸ்

வெளிநாட்டிலிருந்து ஒரு மிஸ் வரப்போகிறார் என்று தெரிந்த அன்று தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்புக்கு வந்தார். பாடம் நடத்த வரவில்லை, உபதேசம் செய்ய வந்தார்.

“இதோ பாருங்க பசங்களா. சம்பளம் வாங்காம, கடல் தாண்டி, நமக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வர்றாங்க. அவங்க மனசு கோணக்கூடாது. என்ன கேட்டாலும் ‘யெஸ் மிஸ்’னு சொல்லணும். விருந்தாளிகிட்ட இல்லைங்கற பேச்சே வரக்கூடாது. சரியா?”

“சரி சார்!” என்று வகுப்பு கூரை அதிரக் கத்தியது.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மிஸ் வந்தார். வாசலில் குனிந்து நுழைய வேண்டிய அளவுக்கு நெட்டை. குனிய மறந்து முதல் நாளே நெற்றியில் இடித்துக்கொண்டார். யாராவது சிரிப்பதற்குள் தானே முதலில் சிரித்துவிட்டார். அதிலேயே வகுப்புக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் மூச்சு விடவே மாட்டார். சொற்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வரும். எங்கே ஒரு வார்த்தை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பக்கம் முடிந்துவிடும். பிறகு மிஸ் நிமிர்ந்து பார்த்து, “அண்டர்ஸ்டாண்ட்?” என்று கேட்பார்.

“யெஸ் மிஸ்!”

மிஸ்ஸின் முகம் மலரும். அடுத்த பக்கம் திரும்பும்.

அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாலும் பிள்ளைகள் பிசிறில்லாமல் சேர்ந்து சொன்னார்கள். அர்த்தம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

“உனக்கு ஏதாவது புரியுதா?” என்று மிளகு ஒரு நாள் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டாள். மிளகு என்பது அவள் பட்டப்பெயர். ஆள் சின்னது, வாய் காரம். பக்கத்தில் இருந்தவன் தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர்.

“ம்ஹூம்” என்றான் சோடாபுட்டி.

“அப்புறம் ஏன்டா அவ்ளோ சத்தமா யெஸ் சொல்ற?”

“சத்தமா சொன்னா சீக்கிரம் முடிச்சிடறாங்க.”

மிளகுக்கு அந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் தலைமையாசிரியர் வாயெல்லாம் பல்லாக வகுப்புக்குள் வந்தார்.

“பலே! ஒரு வருஷப் புத்தகத்தை இதுக்குள்ள முடிச்சிட்டீங்களாம். இவ்ளோ கெட்டிக்காரப் பசங்களை எங்கேயும் பார்த்ததில்லைன்னு மிஸ் சொல்றாங்க. இனிமே உங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்லையாம். பக்கத்து ஊர் ஸ்கூலுக்குப் போறாங்க. நாளைக்கு அவங்களுக்குக் கடைசி வகுப்பு.”

எல்லோரும் கை தட்டினார்கள். மிளகும் தட்டினாள். தட்டிய கை பாதியிலேயே நின்றது.

காரணம் அவளுடைய அக்கா. அக்கா போன வருஷம்தான் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். வாயாடி என்று தெருவில் பெயரெடுத்தவள், இப்போது சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் பையை மூலையில் போட்டுவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அடுத்த வருஷம் மிளகும் அதே பஸ்ஸில், அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குள் நாலு வார்த்தையாவது உருப்படியாகக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் நாளையோடு கிளம்பப் போகிறார்.

அன்று சாயங்காலம் மிளகு அக்காவைப் பிடித்தாள்.

“அக்கா, எங்களுக்கு ஒண்ணுமே புரியலைன்னு மிஸ்கிட்ட நீ சொல்லேன். உனக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமே.”

“நானா? தலைகீழா நின்னாலும் மாட்டேன்.”

“உங்க ஸ்கூல்ல புரியலைன்னா என்ன பண்ணுவே?”

“தலையாட்டுவேன். எல்லாரும் ஆட்டுவாங்க, நானும் ஆட்டுவேன்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள்.

மிஸ் தங்கியிருந்தது மிளகு வீட்டில்தான். வீட்டில் காற்று வருகிற ஒரே அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதுவரை அந்த அறையில் இருந்த அம்மாவின் தையல் மெஷின் இப்போது நடைவழியில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒருக்களித்துத்தான் அதைத் தாண்ட வேண்டும்.

மிளகு தாண்டும்போது, அம்மா ஒரு நீளமான பாவாடையின் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ்ஸோடதாம்மா? போன வாரம்தானே தளர்த்திக் குடுத்தே?”

“மறுபடியும் இறுக்குதாம்” என்றாள் அம்மா. அவள் குரலில் அவ்வளவு பெருமை. “வந்தப்போ எலும்பும் தோலுமா இருந்தாங்க. நம்ம சாப்பாடு உடம்புல ஒட்டுது பாரு. எவ்ளோ போட்டாலும் வேணாம்னு சொல்றதே இல்லை. தங்கமான பொண்ணு.”

மிளகு பாவாடையைப் பார்த்தாள். பிறகு ஏதோ யோசனையாகவே போய் சாப்பிட உட்கார்ந்தாள்.

சாப்பாட்டில் அன்று மிளகு தன் தட்டைப் பார்க்கவில்லை. மிஸ்ஸைத்தான் பார்த்தாள். மிஸ் ஒரு தட்டு காலி செய்தார். அம்மா கரண்டியைத் தூக்கி, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்றாள்.

“சரி” என்றார் மிஸ். நம் பேச்சில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

அதையும் காலி செய்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

“இன்னும் கொஞ்சம்?”

“சரி.”

மிஸ் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது. மிளகுக்கு அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும். வகுப்பில் ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் சோடாபுட்டியின் முகத்தில் அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

அம்மாவின் கரண்டி மறுபடியும் இறங்கியது. மிளகு சட்டென்று தட்டின் மேல் கையை நீட்டிவிட்டாள். சுடச்சுட ஒரு கரண்டி பருப்பு அவள் புறங்கையில் விழுந்தது.

“ஐயோ! உனக்கென்னடி பைத்தியமா?” அம்மா பதறிக்கொண்டு தண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

“அவங்களுக்கு வயிறு நிறைஞ்சு ரொம்ப நேரமாச்சும்மா. சொல்லத் தெரியாம முழுங்கறாங்க.”

“சரின்னு சொன்னாங்களே!”

“அவங்க எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வாங்க. வேணும்னா பாரு.” மிளகு கையை உதறிக்கொண்டே மிஸ்ஸின் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள். “மிஸ், அந்தக் கதவை எடுத்துட்டு வரட்டுமா? சாப்பிடறீங்களா?”

“சரி” என்றார் மிஸ், அதே சிரிப்போடு.

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே வாயைப் பிளந்தாள். அறை வாசலில் நின்றிருந்த அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அக்காவின் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே கதவைக் காட்டி, “மிஸ், யூ... ஈட்... டோர்” என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் ஆங்கிலம் பேசிவிட்டது அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிஸ் கதவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் என்பதுபோல் இரண்டு கையையும் ஆட்டினார்.

இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று மிளகுக்குத் தோன்றியது. தலைமையாசிரியரின் முகம் ஒரு முறை மனதில் வந்து போனது. போனால் போகட்டும் என்று எழுந்து நின்றாள்.

முதலில் மிஸ்ஸைப் போல் கழுத்தை நீட்டி, “அண்டர்ஸ்டாண்ட்?” என்றாள். அடுத்து வகுப்பைப் போல் கையைக் கட்டி, “யெஸ் மிஸ்!” என்றாள். ஒவ்வொரு யெஸ்ஸுக்கும் கன்னத்தை இன்னும் கொஞ்சம் உப்பவைத்தாள். கடைசியில் கன்னம் வெடிக்கிற மாதிரி ஆனதும், தன் தலையைத் தட்டிக் காட்டி, ஒன்றும் இல்லை என்று கையை விரித்தாள்.

மிஸ்ஸின் சிரிப்பு மெல்ல நின்றது. அவர் அக்காவைப் பார்த்து, “ஆல்?” என்று கேட்டார். எல்லோருமா?

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள். “ஆல், மிஸ். ஆல் சில்ட்ரன்.”

மிஸ் எழுந்து கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

மிளகுக்கு அழுகை முட்டியது. எது நடக்கக்கூடாது என்று தலைமையாசிரியர் சொன்னாரோ அதுவே நடந்துவிட்டது. மிஸ்ஸின் மனசு கோணிவிட்டது. சுட்ட கையைவிட இதுதான் அதிகமாக வலித்தது.

“நான் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்று கேட்டாள்.

“தெரியலடி” என்றாள் அக்கா. ஆனால் மிளகின் கையில் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுநாள் வழியனுப்பு உரையோடு தலைமையாசிரியர் வகுப்பில் தயாராக நின்றார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. மிஸ் வாசலில் சரியாகக் குனிந்து உள்ளே வந்தார். மிளகின் பக்கம் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போய்க் கரும்பலகை துடைக்கும் டஸ்டரை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“திஸ் இஸ் மை பிரதர்” என்றார். இது என் தம்பி. “அண்டர்ஸ்டாண்ட்?”

“யெஸ் மிஸ்!” என்றது வகுப்பு.

தலைமையாசிரியரின் புருவம் உயர்ந்தது.

மிஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “ஐ ஆம் எ சேர்.” நான் ஒரு நாற்காலி. “யெஸ்?”

“யெஸ் மிஸ்!”

சோடாபுட்டியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தலைமையாசிரியர் தலையில் கை வைத்தார். மிஸ் அவர் பக்கம் திரும்பி, தன் பழைய வேகத்தில் நீளமாக ஏதோ பேசி, ஒரு கேள்வியோடு நிறுத்தினார்.

“யெஸ் மிஸ்” என்றார் தலைமையாசிரியர், யோசிக்காமல்.

வகுப்பு மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியரின் காது சிவந்தது. தான் எதற்கு யெஸ் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரைப் பார்க்கவே மிளகுக்குப் பாவமாக இருந்தது. அவள் எழுந்தாள்.

“சார், மிஸ்ஸும் இதே மாதிரிதான் சார். எங்க வீட்டுல சரி சரின்னு சொல்லி, முடியாம முடியாம சாப்பிட்டாங்க. நேத்துதான் கண்டுபிடிச்சோம். கதவைக்கூடச் சாப்பிடறேன்னாங்க.”

தலைமையாசிரியர் அவளை உற்றுப் பார்த்தார். “அது... நான்தான் அவங்ககிட்ட முதல் நாளே சொல்லி வெச்சேன். இங்க எந்த வீட்டுல எதைக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படும்னு.”

“எங்ககிட்டயும் நீங்கதான் சார் சொன்னீங்க.”

“ஆமா” என்றார் தலைமையாசிரியர். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்துவிட்டார். “நல்ல வேலை பண்ணியிருக்கேன், இல்லே? உண்மையைச் சொல்றேனே, அவங்க பேசற வேகத்துக்கு எனக்கும் பாதி புரியறதில்லை.”

மிளகு மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ்ஸும் இப்போதுதான் அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. கண்தான் கொஞ்சம் வீங்கியிருந்தது.

“மிஸ்” என்றாள் மிளகு. “நோ அண்டர்ஸ்டாண்ட். நோ கோ.”

மிஸ் அவள் அருகில் வந்தார். சுட்ட கையை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். இந்த முறை தலைமையாசிரியருக்கு எல்லாம் புரிந்தது.

“பக்கத்து ஊருக்கு அப்புறம் பார்த்துக்கலாமாம். இங்கேயே இருக்காங்களாம். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. உங்க அம்மா இவங்க தட்டுல கொஞ்சம் குறைச்சுப் போடணுமாம்.”

வகுப்பு கூச்சல் போட்டது. தலைமையாசிரியர் வழியனுப்பு உரையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் சோடாபுட்டியை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

மிஸ் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத் திருப்பினார். முதல் வரியைப் படித்தார். முன்பைவிட மெதுவாகத்தான் படித்தார். ஆனாலும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா, கடைசியில் கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டது.

“அண்டர்ஸ்டாண்ட்?”

பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். யெஸ் நாக்கு நுனிவரை வந்து நின்றது. எல்லோரும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியர் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

“நோ மிஸ்!” என்றார்.

“நோ மிஸ்!” என்று வகுப்பு கூரை அதிரக் கத்தியது.

மிஸ் அதே வரியை இன்னும் மெதுவாகப் படித்தார்.