பதினைந்து வினாடிச் சம்மதம்

"குர்ஆன் ஓதத் தெரியாதா? என்ன புள்ளய்யா நீ!"

அஹமது கபீர் ராவுத்தரின் அதட்டல் நன்னிலம் கடைத்தெரு வரை கேட்டிருக்கும்.

மகன் குவைத்திலிருந்து அனுப்பிய லேப்டாப்பின் திரையில் எல்லாம் தலைகீழாகக் கவிழ்ந்து தெரிந்தது. உள்ளே எல்லாமே அரபி எழுத்து. ஐந்து மணிக்குத் துபாய் மாப்பிள்ளை அதில் தோன்றிப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

"ஓதுற நேரத்துல ஆத்துல கிடந்தேன் பாய்," என்றான் அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் ஜாஃபர் சாதிக். "குவைத்துல ஆறு வருஷம் இருந்தேன். அரபி பேசுவேன்... எழுத்துதான் வராது."

"அதுக்காக மாப்பிள்ளைய நான் தலைகீழாப் பார்க்கணுமா?"

ராவுத்தருக்குக் கண்ணில் புரை. வேறு வழியில்லை. அந்நியர் முன் வராத மகளை, அந்த மணப்பெண்ணையே, அவர் கூப்பிட்டார்.

"தஹ்மீனா! வந்து வாசி."

திரைச்சீலை விலகியது. மழைக்கு முந்தைய வாய்க்கால் போல இருண்ட கண்கள்... ஜாஃபர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"ஜபர் ஜேர்னு உயிர்க்குறி எதுவும் போடாம மொட்டையா இருக்கே... எப்படி வாசிக்கிறது?"

"எழுத்த மட்டும் சொல்லுங்க."

"அலிஃப்... தே... ஜீம்... அலிஃப்... ஹே..."

"இத்திஜாஹ்! திசைங்க. அதத்தான் தேடுறேன்!"

அவள் நிமிர்ந்தாள். வாசித்த எழுத்து பொருளாகிக் கண்முன் நிற்பது அவளுக்கு இதுவே முதல்முறை...

திரை நேரானது. நடுவில் ஒரு சிறு பெட்டி. அதில் பதினைந்து, பதினான்கு என்று எண்கள் இறங்கின.

"நூன், ஐன், மீம்..."

"நஅம். சம்மதம்னு அர்த்தம். அமுத்துனா இப்படியே நிக்கும். இல்லேன்னா பழையபடி கவுந்துடும்."

"அமுத்தும்மா!" என்றார் ராவுத்தர்.

விரல் அசையவில்லை. திரை கவிழ்ந்தது. மறுபடி நிமிர்த்தினான். மறுபடியும் கவிழ்ந்தது.

"என்னங்க, வெளையாடுறீங்களா?" ஜாஃபருக்கே பொறுமை போயிற்று.

மூன்றாம் முறை அவள் பக்கத்துப் பொத்தானைக் காட்டினாள். "லாம், அலிஃப்."

"அது 'லா'ங்க. இல்லைன்னு..."

"அது எனக்கே தெரியும்." அழுத்திவிட்டாள்.

"என்னடி இது!"

"அத்தா... இந்தப் பெட்டிகூட மூணு தடவ சம்மதமான்னு கேட்டுச்சு. நீங்க ஒரு தடவகூடக் கேட்கலையே..."

பெண்ணின் சம்மதம் கேளாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு நிக்காஹும் நடந்ததில்லை. அதைச் சபைகளில் பெருமையாகச் சொன்னவரே ராவுத்தர்தான்.

"சரி. கேக்குறேன். துபாய்?"

"லா."

"வேற?"

"எனக்கு எழுத்துத் தெரியும்... அர்த்தம் தெரியாது," குரல் இறங்கியது. "இவருக்கு அர்த்தம் தெரியும்..."

ராவுத்தர் எரிச்சலோடு திரும்பினார். "நீ என்னய்யா முழிக்கிற?"

"நஅம்... மாமா."

"மாமாவா? மொதல்ல அலிஃப், பே படிச்சிட்டு வாய்யா!"