இடது கையின் மூன்று விரல்கள்

சமையல்காரர் துப்பறிவாளரின் மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். வலது கை சுத்தமாக இருந்தது. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றின் நுனியும் காய்ந்து, வெடித்து, சிவந்து கிடந்தன.

“ஒரு வருஷமா இப்படித்தான். பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில என் மச்சினன் எதையோ கலந்திருக்கான் சார். நடுவுல ஓட்டலுக்குப் பத்து நாள் லீவு விட்டோம், கை பாதி ஆறிடுச்சு. திறந்த ரெண்டாம் நாளே பழைய கதை. போன மாசம் எல்லார் முன்னாடியும் அவனை அடிச்சுத் துரத்திட்டேன். தம்பி பின்னாடியே என் வீட்டுக்காரியும் போயிட்டா. நான் சொன்னது நிஜம்னு நீங்க நிரூபிச்சாத்தான் அவ திரும்புவா.”

“அவன் போயும் கை ஆறலையே?”

“யாரையோ கைக்குள்ள போட்டு வச்சிருக்கான்.”

“சோப்பைச் சோதனைக்கு அனுப்பிடலாம் அண்ணா,” என்றாள் துப்பறிவாளரின் தங்கை. அவருக்கு உதவியாளரும் அவள்தான்.

“அனுப்பலாம். முதல்ல இவர் வேலை செய்றதைப் பார்ப்போம்.”

ஓட்டல் சமையலறையில் தங்கை சோப்பை முகர்ந்துகொண்டிருந்தாள். துப்பறிவாளர் ஒரு மணி நேரம் சும்மா நின்றார். பிறகு கேட்டார்: “சோப்புத் தண்ணியில எந்தக் கையை விடுவீங்க?”

“ரெண்டையும்தான்.”

“அப்போ விஷம் வச்சவனுக்கு உங்க வலது கைமேல மட்டும் என்ன பாசம்?”

சமையல்காரர் குனிந்து பார்த்தார். வலது கையில் கத்தி. இடது கையின் அதே மூன்று விரல்களுக்கு நடுவில் பாதி நறுக்கிய பூண்டு.

“முப்பது வருஷமா இதைத்தானே நறுக்குறேன்.”

“அதனாலதான். உடம்பு ஒரு நாள் இதை எதிரின்னு முடிவு பண்ணிடும். அப்புறம் மனசை மாத்திக்காது. தோல் டாக்டர் சோதிச்சு உறுதி பண்ணட்டும்.”

“கையுறை போட்டுக்கறேன்.”

“பூண்டுச் சாறு முக்காவாசிக் கையுறைக்குள்ள புகுந்துடும்.”

“மருந்து?”

“அடக்கும். ஆனா பத்து வருஷம் கழிச்சுத் தொட்டாலும் திரும்ப வரும்.”

“வேற ஆளை நறுக்கச் சொல்லுங்களேன்,” என்றாள் தங்கை மெதுவாக.

“மச்சினன் கேட்டான்மா. ‘குடுங்க மாமா, நான் நறுக்கறேன்’னு தினமும் கேட்டான். அவன் கையில நான் கத்தியைக் குடுக்கலை.”

அவர் வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார்.

“யாருன்னு தெரிஞ்சிடுச்சா?” என்று கேட்டாள் அவள்.

“தெரிஞ்சிடுச்சு. அவன் இல்லை. போனை அவன்கிட்ட குடு.”

“டேய், மாமா உன்கிட்ட பேசணுமாம்,” என்று அவள் தம்பியைக் கூப்பிடுவது கேட்டது.

“பேச மாட்டானாம்,” என்றாள். “எனக்கும் அடுப்புல வேலை இருக்கு.”