வரவில்லை என்பதன் பின்பாதி

கம்ப்யூட்டரில் ஒன்பதாம் கட்டிலுக்கு நேரே இருந்த பெயரைக் காணவில்லை. கட்டில்காரரின் பெயர் பத்திரமாக இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், 'உறவு' என்ற தலைப்பின் கீழ், அவருடைய மகனின் பெயரும் போன் நம்பரும் இருந்த இடம்தான் துடைத்து வைத்ததுபோல் வெறுமையாகக் கிடந்தது. அதைத் தன் கையாலேயே தட்டியவள் அவள். தட்டும்போது இனிஷியலை மாற்றிப் போட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுகூட நன்றாக நினைவிருந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் அவளைக் 'கண்டிஷன் அக்கா' என்பார்கள். நாற்பது கட்டில்களையும் கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏற்றி, தொட்டதற்கெல்லாம் 'இருந்தா இது, இல்லைன்னா அது' என்று ஃபார்முலா போட்டு வைத்திருந்ததால் வந்த பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. போன வாரம் மேலாளர் கேட்டதையும் டீ ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டாள். தொண்ணூறு நாளாக யாரும் எட்டிப் பார்க்காத கிழங்களை ஜன்னலோரக் கட்டிலிலிருந்து பின்கூடத்துக்குத் தள்ள வேண்டும். கடைசியாக ஆள் வந்து தொண்ணூறு நாள் ஆகியிருந்தால் 'வரவில்லை', ஆகாவிட்டால் 'உண்டு'. பின்னால் எவனும் வந்து சண்டை பிடிக்கக் கூடாதென்று நாளோடு மணியையும் சேர்த்துக் கழிக்கும்படி எழுதினாள். கட்டம் குறுகல், 'வரவில்லை' முழுசாகத் தெரியவில்லை. முன்பாதியை வெட்டிவிட்டு 'இல்லை' என்று போட்டாள்.

"உறவு, இல்லை. கேட்கவே நல்லாருக்கே," என்று மேலாளர் சிரித்தார். "வந்து பார்க்காதவன் என்ன உறவு?"

அவளும் கூடவே சிரித்தாள்.

இப்போது முதல் மாடிக்கு ஏறிப் போனாள். ஒன்பதாம் கட்டில்காரர் ஒரு காலத்தில் தையல்காரர்; யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க மகன் நம்பர் கொஞ்சம் குடுங்களேன்."

"எனக்கு ஏதும்மா மகன்?"

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தலைமாட்டில் அந்த போட்டோ இருந்தது. மகனும் அவரும் கடை வாசலில் நிற்கிற படம், அவள் பத்து தடவையாவது பார்த்திருப்பாள். இன்று அதில் அவர் மட்டும் ஓரமாக நின்றார். வலது கை ஒரு ஆளின் தோள் உயரத்துக்குத் தூக்கி, வளைந்து, எதன் மேலோ பாரத்தைச் சாய்த்திருந்தது. அதற்குக் கீழே வெறும் கடைச் சுவர்.

கீழே ஓடி வந்து ஷீட்டை மேலும் கீழும் உருட்டினாள். மொத்தம் நாலு 'இல்லை'. நாலுக்கும் நேரே உறவுக் கட்டம் வெறுமை. அதில் பெயர் இருந்த ஒருத்தி முந்தாநாள்தான் போனில் அழுதவள், அப்பாவைப் பார்க்க வர நேரமே கிடைக்கவில்லை என்று. மேஜை டைரியில் குறித்து வைத்த நம்பரைத் தேடினாள். அந்தப் பக்கத்தில் தேதி இருந்தது. தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஐந்து மணி டீ அவள் மேஜைக்கு வரவில்லை. தட்டை ஏந்தி வந்தவர் அவளைத் தாண்டிப் போய், வாசலில் நின்று திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, நீங்க இருக்கீங்களா? சீட்டுல யாரும் இல்லைன்னுல்ல நினைச்சேன்." குளிர்சாதனப் பெட்டி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது, ஃபினாயில் வாசனை, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் அவள் செருப்பு வரைக்கும் நீண்டு வந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு இருபத்து மூன்றாம் கட்டில் ஞாபகம் வந்தது.

இருபத்து மூன்று அவளைப் பெற்றவளுடையது. இரண்டாம் மாடி, ஜன்னலோரம்.

தினமும் அவள் அந்தக் கட்டிலுக்குக் கீழேதான் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், நடுவில் ஒரு தளம் மட்டுமே. இருந்தாலும் மேலே போனதில்லை. சேர்த்துவிட்ட அன்று அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் பார்க்க அழுதாள். அவளுக்கு மானம் போனது. சேர்க்கை ஃபாரத்தில் 'வீட்டில் பார்த்துக்கொள்ள யார் உண்டு?' என்ற கேள்விக்கு, அம்மாவின் காதுபடவே, "யாரும் இல்லைன்னு எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அன்றிலிருந்து வருவதும் போவதும் பின்வாசல் வழியாகத்தான்.

உறவு: அவள் பெயர். கடைசியாக வந்தது: சேர்த்த தேதி, மாலை ஐந்து நாற்பது. 'உண்டு'.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து.

இன்று ஐந்து நாற்பதோடு தொண்ணூறு நாள் என்று விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. எண்ணுவதற்குத்தான் ஃபார்முலா இருக்கிறதே.

தேதியை அழித்து இன்றைய தேதியைத் தட்டினாள். பழைய தேதி திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி வந்தது. ஃபார்முலாவுக்குள் போய் 'இல்லை'யை நீக்கி 'வரவில்லை' என்று எழுதி என்டர் அடித்தாள். நாலு கட்டமும் ஒருமுறை சிமிட்டிவிட்டு, 'இல்லை' என்றே நின்றன. ஃபார்முலாவையே அழித்தாள். அழிந்த இடத்தில் எழுத்து எழுத்தாக அது தன்னைத் தானே தட்டிக்கொண்டது, அவள் தட்டுகிற அதே வேகத்தில்.

படியேறினாள். லிஃப்டின் கதவு அவளுக்காகத் திறக்கவில்லை.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடக்கு முக்காலி. அவள் அதில் உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை கதகதப்பாக இருந்தது. பிடித்த விரல்கள் தன்னுடையவைதானா என்றுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அம்மா, நான்தான்."

மாடி ஆயா ஷீட் திறந்திருந்த டேப்லெட் கம்ப்யூட்டரோடு வந்தாள். அவளையும் ஷீட்டையும் நன்றாகத் தெரிந்தவள். "இப்பவாச்சும் வந்தீங்களே அக்கா. பதியணும்னா வந்தது யாருன்னு கட்டில்காரங்க வாயால சொல்லணும். நீங்க போட்ட கண்டிஷன்தான், என்னைத் திட்டாதீங்க."

ஆமாம், அவள் போட்டதுதான். யாரோ ஊர்பேர் தெரியாதவன் வந்து ஒரு கிழவரிடம் கைநாட்டு வாங்கிப் போன பிறகு போட்டது.

"அம்மா, சொல்லும்மா. மகள்னு சொல்லு. ஒரு வார்த்தை."

அம்மா திரும்பினாள். கண்ணில் மறதியில்லை, கலக்கமில்லை. நிதானமாக அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். கையை உயர்த்தி அவள் கன்னத்தைத் தடவினாள்.

"எளைச்சுட்டியேடி. சாப்பிட்டியா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையாட்டினாள். சுவரில் ஐந்து முப்பத்தொன்பது.

"சொல்லிடும்மா. அப்புறம் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். சத்தியமா."

அம்மா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாற்போல. பிறகு ஆயாவைப் பார்த்தாள்.

"எனக்கு யாரும் இல்லைம்மா. ஃபாரத்துலயே எழுதியிருக்குமே."

"அம்மா."

ஆயா டேப்லெட்டைத் தட்டினாள். ஒரு சின்ன மணிச்சத்தம். ஆயாவின் பார்வை அவள் முகத்திலிருந்து நழுவி, தோளுக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது.

அம்மா என்று மறுபடி கூப்பிடப் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஒண்டியா ஜன்னலோரம் எதுக்கு பாட்டி, நாளைக்குப் பின்கூடத்துக்கு மாத்திடறோம்," என்றாள் ஆயா. "இந்த முக்காலியை யாரு இங்க போட்டது?"

குனிந்து, ஒரு கையால் முக்காலியைத் தூக்கி, படக்கென்று மடக்கி, சுவரில் சாய்த்து வைத்தாள். மகள் இன்னும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.